மடுவத்துத் தராசு

அந்தப் பலகையில உக்காருங்க நர்ஸம்மா. இந்தச் சொளகை மட்டும் முடிச்சுக்கிறேன். கூப்பன் அரிசி, பாதி அரிசி பாதி கல்லு. சரியாப் பொறுக்காம ஒலையில போட்டுட்டேன்னா எங்க மாமியா பல்லுல நறுக்குன்னு மாட்டும். அப்பறம் அன்னைக்கு முழுக்க அவுங்க வாயில நான்தான் அரைபடணும். சின்னவன் இந்தா, தொட்டில்ல தூங்குறான். நல்லாத்தான் இருக்கான். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அவனைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் ஏறி வந்தீங்க?

என்னையவா? என்னை என்னத்துக்குங்க.

அதானே பாத்தேன். பிள்ளைக் காம்பரா ஆயா சொல்லிருச்சா. பிள்ளைகளுக்குப் பால் கரைக்கிற நேரத்தை விட, லயத்து வீடுகளோட கதையைக் கரைச்சு ஊத்துற நேரம்தான் அதுக்கு அதிகம். விழலீங்க. உக்காந்தேன். நீங்க இந்தத் தோட்டத்துக்குப் புதுசு, ஒம்பதாம் நம்பர் மலை உங்களுக்குத் தெரியாது. சொவத்துல ஏறுற மாதிரி இருக்கும். மூச்சு வாங்குச்சு, உக்காந்தேன். கூடை தலையிலேர்ந்து கழண்டு உருண்டுபோயி, தேயிலைக் கொழுந்தெல்லாம் தண்ணிக் கானுக்குள்ள கொட்டிருச்சு. அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் கூவிட்டாளுக. எனக்கு வெக்கமாப் போச்சு.

நான் இவ்வளவு பேசுறவளே இல்லீங்க. மூணாங்கிளாஸ் வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடம் போனேன். வாத்தியாரு பேரைக் கேட்டாக்கூட பக்கத்துல இருக்கிற பிள்ளை மூஞ்சியைப் பாப்பேன், அவ சொல்லட்டும்னு. பூவாயின்னு சொல்ல எனக்கு என்ன கஷ்டம். இருந்தாலும் வராது. இன்னைக்கு மாமியா வெறகுக்குப் போயிருக்காங்க. வீட்டு ஆளு கீழ மரக்கறிப் பாத்தியில நிக்கிறாரு. எம்மூத்தவ அஞ்சலை பீலிக்குத் தண்ணி மொள்ளப் போயிருக்கா. இப்படிக் காம்பராவுல யாருமில்லாத நேரம் எனக்கு அமாவாசைக்கு ஒருக்கா பௌர்ணமிக்கு ஒருக்காத்தான். அதனால வெக்கத்தை விட்டு ஒண்ணு கேட்டுக்கிறேன்.

ஒடம்பு எளைக்கிறதுக்கு உங்ககிட்ட மருந்து இருக்குங்களா?

சிரிக்காதீங்க. நெசமாத்தான் கேக்குறேன். சித்திரைத் திருவிழாவுக்குள்ள எளைக்கணும். கொஞ்சமா எளைச்சாப் பத்தாது, நல்லா எளைக்கணும். மலையில வேலை செய்யிற பொம்பளைக்கு எளைக்கிற மருந்தான்னு நீங்க நெனைக்கிறது தெரியுது. நோர்வூட் கடைத்தெருவுல துணிக்கடை வச்சிருக்காங்களே றிஸ்வி மொதலாளி, அவுங்க வீட்டு அம்மா, ஜெமீலா நாச்சியா, அவுங்களும் இப்படித்தான் சிரிச்சாங்க. சின்னவனுக்குத் தொட்டித்துணி எடுக்க, மலையிலேர்ந்து கூடையோட அப்படியே போனப்ப கேட்டேன். அவுங்க நல்ல பருமன். அட்டன்ல ஒரு டாக்டரு அவுங்களுக்கு எளைக்க வழி சொல்லியிருக்காருன்னு கேள்விப்பட்டேன், அதான். நல்ல மனசு அவுங்களுக்கு, ஒண்ணுவிடாம சொன்னாங்க. ராத்திரிக்குச் சோறு திங்கக் கூடாதாம். சரின்னேன். எண்ணெய்ப் பலகாரம், நெய்ச்சோறு, ஆட்டுக்கறி எதையும் தொடக் கூடாதாம். தொட மாட்டேங்க அம்மான்னேன். பிள்ளைங்க தட்டுல மிச்சம் வைக்கிறதை வீணாப் போகுதேன்னு வாயில போட்டுக்கிறோம் பாரு, தாய்மாருக்கு அதுலதான் ஒடம்பு போடுதுன்னு டாக்டரு சொன்னாராம். எங்க வீட்டுல மிச்சம்னு ஒரு சாமானே கெடையாது, எம்மக தட்டைக் கழுவுறதுக்கு முன்னயே அது கழுவுன மாதிரித்தான் இருக்கும், அதை எப்படி அவுங்ககிட்ட சொல்லுறது. தலையை ஆட்டிக்கிட்டேன். அப்பறம் கடைசியா சொன்னாங்க, தெனமும் ஒரு மைல் நடக்கணும், முடிஞ்சா மேடு ஏறி எறங்கணுமாம். அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவுங்களும் என்னைப் பாத்தாங்க, கூடையைப் பாத்தாங்க, சேந்து சிரிச்சாங்க. ஒனக்கு எதுக்கு புள்ள இதெல்லாம், நல்லா நாலு வாய் தின்னுன்னு சொல்லி ஒரு முறுக்குக் கையில குடுத்தாங்க.

திங்கல. அஞ்சலைக்குக் குடுத்துட்டேன்.

இருங்க, இந்தப் பிடியை அந்தச் சாக்குல போட்டுட்டு வர்றேன். ம். அது தனி அரிசிங்க. அதைத்தான் சொல்ல வர்றேன்.

உங்க கழுத்துல மாதா படம் தொங்குது. உங்க கோயில்லயும் நேந்துக்கிறது உண்டுதானுங்களே. அப்ப உங்களுக்கு வெளங்கும். எங்க மாரியம்மனுக்கு இந்தத் தோட்டத்துல ஒரு பழக்கம். அம்மை வாத்து, பொழைக்குமா பொழைக்காதான்னு கெடந்த பிள்ளை எந்திரிச்சிருச்சுன்னா, அதோட எடைக்கு எடை அரிசி குடுக்கணும். திருவிழா அன்னைக்கு கொழுந்து நிறுக்கிற மடுவத்துலேர்ந்து தராசைக் கழட்டிட்டு வந்து கோயில் வாசல்ல மூணு கம்பு நட்டுத் தொங்கவிடுவாங்க. மஞ்சத்தண்ணி தெளிச்சுப் பூச்சுத்திப் பொட்டு வச்சா, கணக்கப்பிள்ளை தராசு அம்மன் தராசாயிரும். பிள்ளையைப் படங்குச் சாக்குல உக்கார வச்சு நிறுப்பாங்க. அப்பறம் அரிசியை நிறுப்பாங்க. ரெண்டும் ஒத்துவந்தா பூசாரி மூக்கன் திருநூறு போடுவாரு. அந்த அரிசியைப் பொங்கி லயம் மொத்தமும் திங்கும்.

பிள்ளை எடைங்க. எல்லாரும் பிள்ளை எடைக்குத்தான் நேந்துக்குவாங்க. நான்தான் பைத்தியக்காரி.

ரெண்டு வருசம் முன்ன, வெள்ளைக்கார மகாராணி கப்பல்ல வந்துட்டுப் போனப்ப. அஞ்சலைக்கு அப்ப மூணு வயசு. அம்மை வாத்துருச்சு. கண்ணுக்குள்ள, நாக்குல, உள்ளங்கால்ல எல்லாம் முத்து. இந்தக் குளுருல வேப்ப மரம் ஏது? அவரு லொறிக்காரரைப் பிடிச்சு கீழ்நாட்டுலேர்ந்து வேப்பிலை கொண்டாந்து போட்டாரு. இந்தா, இந்த எடத்துலதான் கெடத்தியிருந்தோம். தண்ணி எறங்கல. கூப்பிட்டா திரும்பல. கால் ரெண்டும் சில்லுன்னு ஆயிருச்சு. மாமியா அம்மன் பாட்டுப் பாடுறதை நிறுத்திட்டாங்க. அவுங்க நிறுத்துனதும் எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. வாசல்ல ஓடிவந்து கோயில் இருக்கிற பக்கம் பாத்து, தாயி, இவளை விட்டுடு, என் உசிரை எடுத்துக்கன்னு கத்த வந்தேன். நானு. பேரு சொல்லக்கூட வாய் வராதவ. என் உசிருன்னு முழுசாச் சொல்லியிருப்பேன், பாதியில மாமியா வந்து வாயைப் பொத்திட்டாங்க. ஏண்டி, அவ கேட்டதைக் குடுக்கிறவடி, சொல்லிப்புடாதடின்னு அழுதாங்க. வாய் பொத்துன கையை எடுத்ததும், ஆரம்பிச்ச பேச்சை எப்படியாவது முடிக்கணுமே. என் எடைக்கு எடை அரிசி குடுக்குறேன் தாயின்னு முடிச்சேன். அஞ்சலை எடைன்னு வரல. என் எடைன்னு வந்துருச்சு. லயம் பூரா கேட்டுச்சு. பூசாரியே கேட்டாரு.

விடிய முன்ன பிள்ளை தண்ணி கேட்டா.

அப்ப நான் ஒல்லிங்க. எண்பது றாத்தல் கூட வர மாட்டேன். பரவால்ல, கொஞ்சம் கொஞ்சமாச் சேத்துடலாம்னு நெனைச்சேன். போன வருசம் குடுத்திருக்கணும். திருவிழா நேரம் பாத்து சின்னவன் பொறந்துட்டான், தீட்டு, கோயில் பக்கமே போக முடியல. பிரசவத்துக்கு அப்பறம்தான் இந்த ஒடம்பு. போன தை மாசம் அஞ்சலைக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல்தான்னு டிஸ்பென்சரி ஐயா சொன்னாரு. மாமியா சாமி மூலையைப் பாத்துட்டு என்னையப் பாத்தாங்க. அந்தப் பார்வை போதும். இந்தச் சித்திரையைத் தாண்ட விட மாட்டேன்.

கடையில வாங்கிப் போடலாம்தான். அவரும் அதைத்தான் சொன்னாரு. எனக்கு அது சரியாப் படலீங்க. என் எடைன்னு வாய்விட்டுச் சொன்னது நான். அப்ப அது எம்பங்குச் சோத்துலேர்ந்துதானே போகணும்? பிள்ளை பங்குலயோ அவரு பங்குலயோ ஒரு மணி எடுத்தேன்னா அது அவுங்க எடையாயிரும். அதனால ஒலை வைக்கும்போது எனக்குன்னு போடுற பிடியை எடுத்துச் சாக்குல போட்டுருவேன். நேந்துக்கிட்ட நாள்லேர்ந்து ராத்திரிப் பிடி மட்டும். இந்த மாசியிலேர்ந்து மத்தியானப் பிடியும்.

அப்ப என்ன திங்கிறேனா. காலையில ரொட்டி இருக்கு. சாயத்தண்ணி இருக்கு. சாயத்தண்ணி நல்லா வயித்தை அடைச்சுக்கும்.

கோவிச்சுக்காதீங்க நர்ஸம்மா. ஒரு வேலையில ரெண்டு வேலை முடியுமேன்னுதான் அப்படிச் செஞ்சேன். நான் திங்காத பிடி சாக்குல ஏறும், என் எடையில எறங்கும். சாக்கு கூடும், நான் கொறைவேன். ரெண்டும் ஒருநாள் நடுவழியில சந்திச்சுக்கும்ல. பள்ளிக்கூடத்துல படிச்ச கணக்குல இந்த ஒண்ணுதான் எனக்கு ஒழுங்கா வந்துச்சுன்னு சந்தோசமா இருந்தேன்.

அதுதான் வரலீங்க.

தை மாசத்துக் கடைசியில ஒருநாள் சாயங்காலம், கொழுந்தெல்லாம் நிறுத்து முடிச்சு கணக்கப்பிள்ளை ஐயா போயிட்டாரு. மடுவத்துல பொம்பளைக நாங்க மட்டும், அப்பறம் ஆண்டியப்பன் கங்காணி. ஆளாளுக்குச் சாக்குல உக்காந்து நிறுத்துப் பாத்து விளையாடிக்கிட்டு இருந்தாளுக. என்னையவும் தூக்கி வச்சாளுக. முள்ளு தொண்ணூத்தைத் தாண்டி நின்னுச்சு. ஒரே சிரிப்பு. ஏண்டி பூவாயி, பங்களாக் குசினியில ரகசியமா வேலை பாக்குறியாங்கிறா ஒருத்தி. இவளைப் பறிச்சுப் போட்டாலே ஒரு நாள் கூலிக்குப் பேரு விழுந்துருமேங்கிறா இன்னொருத்தி. கங்காணிகிட்ட நான் சொன்னேன், அய்யா, கொழுந்தை நிறுத்தா ஈரத்துக்குன்னு நாலு றாத்தல் கழிக்கிறீங்க, கூடைக்குன்னு கழிக்கிறீங்க, எனக்கும் ஈரத்துக்குக் கழிச்சுச் சொல்லுங்களேன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. இவளுக்கு வாய் இருக்கான்னு அன்னைக்குத்தான் பாதிப் பேருக்குத் தெரிஞ்சுது.

சரி, ராத்திரிப் பிடியை மட்டும்தானே விட்டிருக்கோம், மத்தியானத்தையும் விட்டாக் கொறையும்னு நெனைச்சேன். மாசி முழுக்க மத்தியானச் சோத்தையும் விட்டுட்டு, போன வாரம் மறுபடி ஏறி உக்காந்தேன். நூறைத் தாண்டிருச்சுங்க.

திங்கத் திங்கக் கூடுனா ஒரு ஞாயம் இருக்கு. திங்காம இருக்க இருக்கக் கூடுதே. தராசு கெட்டுப் போச்சோன்னு இந்த அரிசிச் சாக்கை ரெண்டு பேரோட சேந்து தூக்கிட்டுப் போயி வச்சேன். அது சொல்ல வேண்டியதைச் சரியாச் சொல்லுது. வருசம் பூரா எங்க கொழுந்தைக் கொறைச்சுக் காட்டுற தராசு, என்னைய மட்டும் கூட்டிக் காட்டுது. நான் சாக்குக்குப் பின்னாலயே ஓடுறேன், என்னையவே எட்டிப் பிடிக்க முடியல. திருவிழாவுக்கு இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழமைதான் இருக்கு. தராசுல ஏறி, அரிசி பத்தாம நின்னா என்ன ஆகும்? எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். அம்மன் அஞ்சலையைத் திருப்பிக் கேட்டா?

இருங்க, தொட்டில் ஆடுது. இல்ல, தூங்குறான். பால் பத்தலீங்க அவனுக்கு. கஞ்சித்தண்ணி குடுக்கிறேன். பிள்ளைக் காம்பராவுல பவுடர்ப் பால் குடுக்கிறாங்க, அதுல ஓடுது.

இல்லீங்க, நான் சோத்தை விட்டது வீட்டுல யாருக்கும் தெரியாது. மாமியா முன்னாடி அஞ்சலை பங்குல ஒரு அகப்பையை என் தட்டுல போட்டுக்கிட்டு உக்காருவேன், அவுங்க எந்திரிச்சதும் அதை அவளுக்கே தள்ளிருவேன். எங்க ஆளு இருக்காரே, அவருக்கு இந்த ஒடம்பு பிடிச்சிருக்கு. கல்யாணத்தப்ப குச்சி மாதிரி இருந்தே, இப்பத்தான் கன்னம் வச்சு ஒரு குடும்பப் பொம்பளை மாதிரி இருக்கேங்கிறாரு. விடியக்காலையில வேலைக்குத் தப்பு அடிக்கிறதுக்கு முன்ன நான் எந்திரிக்கும்போது மூஞ்சி இன்னும் நல்லா உப்பலா இருக்கும், வெளக்கைத் தூக்கிப் பிடிச்சுப் பாப்பாரு. அட, பௌர்ணமி எங்காம்பராவுக்குள்ளயே வந்துருச்சுங்கிறாரு. அவருகிட்ட எப்படிச் சொல்லுறது. கால் மெட்டி எறுகிப் போயி கழட்ட வரல. நோர்வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஆசாரிகிட்ட வெட்டி எடுத்தோம். அதுக்கும் அவருக்குச் சந்தோசம். எம்பொண்டாட்டிக்கு மெட்டியே பத்தலன்னு தெருவுல நின்னு சொல்லிக்கிட்டாரு. எனக்கு ஒரு பக்கம் வெக்கம். ஒரு பக்கம், இந்தச் சிரிப்பு இப்படியே இருக்கட்டுமேன்னு இருந்துச்சு.

எங்கம்மாவுக்கும் கடைசியில இதே ஒடம்புதாங்க. அவுங்களும் இப்படித்தான் நல்லாப் பூரிச்சாங்க.

கண்ணைக் காட்டணுமா. மேல பாக்கவா கீழ பாக்கவா? உங்க கை எவ்வளவு சூடா இருக்கு. எங்கையெல்லாம் எப்பவும் குளுந்துதான் கெடக்கும்.

நகத்தையும் திருப்பிப் பாக்குறீங்களே.

வெள்ளையாவா இருக்கு? அது எங்க வீட்டுப் பொம்பளைக எல்லாத்துக்கும் அப்படித்தான். நகமும் அப்படித்தான்.

இல்லீங்க, நான் ஒண்ணும் வாயில போடல. சும்மா. ரெண்டு மணி பச்சரிசி. பாத்துட்டீங்களா. அம்மன் அரிசி இல்லீங்க அது, வீட்டு அரிசி. இப்பல்லாம் என்னமோ அதுல ஒரு ஆசை வந்துருது. மழை பெஞ்சா இந்தச் சொவத்து மண்ணு வாசம் வரும் பாருங்க, அதையே பேத்து வாயில போடணும் போல இருக்கும். போட்டும் இருக்கேன். சொல்லிட்டேன். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க, மானம் போயிரும்.

நீங்க சொல்றது எனக்குக் கேக்குது. சோத்தை விட்டா எளைக்கிறது இல்ல, பால் குடுக்கிற தாய் பட்டினி கெடந்தா தாய்க்கும் கேடு பிள்ளைக்கும் கேடு. நேரத்துக்குச் சாப்பிடணும், கீரை திங்கணும், பருப்பு, முட்டை, நெத்திலிக் கருவாடு, ஈரல். ராத்திரி நல்லாத் தூங்கணும். நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. தூக்கத்தை மட்டும் எந்தக் கடையில வாங்குறதுன்னு சொல்லிருங்க, மத்ததைப் பாத்துக்கிறேன். தப்புச் சத்தத்துக்கு முன்ன எந்திரிச்சு ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவுல விட்டுட்டுப் பெரட்டுக்கு ஓடணும். பேரு பதிய நேரமாயிட்டா வேலை இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க. மத்தியானம் வந்து இவனுக்குக் குடுத்துட்டு மறுபடி மலை. சாயங்காலம் மடுவம், வெறகு, தண்ணி, சமையல். இதுல எந்த எடத்துல நான் எளைக்கிறது, எந்த எடத்துல சாப்பிடுறது.

திருவிழா முடியட்டும். முடிஞ்ச மறுநாளே உங்க முன்னாடி உக்காந்து தட்டு நெறையத் திங்கிறேன். சத்தியம். இந்த ரெண்டு வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

காலையா? கால் வேண்டாமுங்க. கால்ல என்ன இருக்கு, அட்டை கடிச்ச தழும்புதான். சீலையை விடுங்க நர்ஸம்மா. வேலை செய்யிற கால், பாக்க நல்லாருக்காது.

சரி. நீங்க விட மாட்டீங்க போல. இந்தாங்க, பாத்துக்கங்க.

அமுக்குங்க. வலிக்காது. ம். பாத்தீங்களா? உங்க பெருவெரலு அப்படியே குழியா நிக்குது. அது ரொப்பிக்க நேரமாகும். அஞ்சலை சாயங்காலம் எம்மடியில உக்காந்து இப்படித்தான் அமுக்கி அமுக்கி வெளையாடுவா. அம்மா ஒங் கால்ல பல்லாங்குழிம்பா. புளியங்கொட்டை வச்சுப் பாப்பா.

ஏன் நர்ஸம்மா கண்ணு கலங்குது. நான் தெரிஞ்சேதானே பேசிக்கிட்டு இருக்கேன்.

கொழுப்பு இல்லன்னு எனக்குத் தெரியுங்க. எங்கம்மா கால்ல நான் அமுக்கியிருக்கேன். நானும் அஞ்சலை வயசுதான், எனக்கும் அது வெளையாட்டுத்தான். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் எங்களது. அம்மாவுக்கும் மொதல்ல கால்தான். அப்பறம் மூஞ்சி. எல்லாரும் ஒடம்பு வச்சிருக்குன்னாங்க. கடைசியில வயிறு வந்துச்சு, படுத்தா மூச்சு விட முடியாம உக்காந்தே தூங்குவாங்க. ரத்தமெல்லாம் தண்ணியாப் போச்சுன்னு அங்க இருந்த டாக்டரையா சொன்னாரு. லொறியில ஏத்திப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. அதே லொறியிலதான் திரும்பி வந்தாங்க, சீலை போத்தி. எனக்கு இப்ப ஒரு வாரமா உக்காந்துதான் தூக்கம். சொவத்துல சாஞ்சுக்கிட்டா சமாளிச்சுக்கலாம்.

அன்னைக்கு மாமியா வாயைப் பொத்துனாங்க பாருங்க. கொஞ்சம் பிந்திப் பொத்திட்டாங்கன்னு நெனைக்கிறேன். மொதச் சொல்லு அம்மன் காதுல விழுந்துருக்கும். விழுந்தா விழட்டும், அதுக்கு நான் அழல. பேசுனது நான்தானே. ஆனா ரெண்டையும் எடுத்துக்கக் கூடாதுல்ல. அரிசியைச் சரியாக் குடுத்துட்டேன்னா, அஞ்சலை கணக்கு தீந்துருது. அப்பறம் அவளுக்கும் அம்மனுக்கும் ஒண்ணும் இல்ல. மிச்சம் எனக்கும் அம்மனுக்கும்தான்.

வேண்டாம். எந்திரிக்காதீங்க. இப்ப லொறிக்குச் சொல்லி அனுப்பாதீங்க, உங்க மாதாவைக் கும்புட்டுக் கேக்குறேன். ஆஸ்பத்திரிக்குப் போனா திருவிழாவுக்கு வர விட மாட்டாங்க. போறேன், கண்டிப்பாப் போறேன், நீங்களே கையைப் பிடிச்சு ஏத்திவிடுங்க. தராசுலேர்ந்து எறங்குன மறுநிமிசம் போறேன். அது வரைக்கும் தண்ணியை எறக்குற மாத்திரை உங்ககிட்ட இருக்குமே. இல்லியா. நாளைக்கேவா. அவருகிட்ட இப்பவே சொல்லணுமா.

அப்ப ஒண்ணு செய்யுங்க. அரிசி எண்பது றாத்தல் கிட்ட வந்துருச்சு, கங்காணிகிட்ட கேட்டுப் பாருங்க. நான் நேந்துக்கிட்டது அந்த எடைக்குத்தான், அன்னைக்கு இருந்த பூவாயிக்கு. அதுக்கு மேல இருக்கிறது நான் இல்லீங்க, தண்ணி. அதை நீங்க பூசாரிகிட்ட சொல்லணும். நான் சொன்னா சாக்குச் சொல்றேன்பாங்க. நீங்க வெள்ளைச் சீலை கட்டுனவுங்க, நீங்க சொன்னா எடுபடும். ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிறாங்களே, அதே மாதிரி இவளுக்கும் ஈரத்துக்கு இம்புட்டுக் கழிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை. ஆண்டியப்பன் கங்காணியும் ஒத்துக்குவாரு, வருசம் பூரா கழிக்கிற கைதானே. நான் ஆஸ்பத்திரியில இருந்தாலும் பரவால்ல, எனக்குப் பதிலா என் சீலை ஒண்ணைச் சாக்குல போட்டு, அம்மன் முன்னாடி கழிவைச் சொல்லிட்டு, அரிசியை ஒப்படைச்சிட்டாங்கன்னா அது போதும். அஞ்சலை நெத்தியில திருநூறு போட்டுட்டாங்கன்னு மட்டும் எனக்குச் சேதி வந்தாப் போதும், அப்பறம் நீங்க குடுக்கிற ஈரலோ முட்டையோ எல்லாத்தையும்…

இந்தா வர்றேண்டி. அஞ்சலைதாங்க, கொடத்தைத் தூக்கிவிடக் கூப்பிடுறா. அவ ஒயரத்துக்கு மேல மொண்டுட்டு நின்னுக்கிட்டு இருப்பா. கத்தாதடி, தம்பி முழிச்சிக்குவான், வர்றேன். சொளகைக் கொஞ்சம் பிடிங்க நர்ஸம்மா, சொவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்னா எந்திரிச்சுருவேன். அவ காதுல மட்டும் ஒண்ணும் விழ வேண்டாம், அவ கேட்டா அம்மா ஒடம்பு எளைக்கிறதுக்குத்தான் ஊருக்குப் போகுதுன்னு நீங்க…